கரையில் வெயில், ஆற்றில் குளிர்

ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனிலிருந்து நண்பர் கூப்பிட்டார். மதுரைக்காரர். தூண்டில் பழகி நாலு வருடம் இருக்கும். “அண்ணே, சனிக்கிழமை எட்டு டிகிரி போட்டிருக்கான். பதினஞ்சு நாளா மைனஸ்லயே கிடந்துச்சு, மீனெல்லாம் கொலைப் பசியில இருக்கும். வெயில் பட்டதும் விழுந்து விழுந்து எடுக்கும். கிளம்பிருவோமா?”

இது அவராகக் கண்டுபிடித்த கருத்து இல்லை. விஸ்கான்சினில் தூண்டில் சாமான் விற்கும் எந்தக் கடையில் பத்து நிமிடம் நின்றாலும் காதில் விழும். மீன்பிடிப் பத்திரிகைகள் குளிர்காலம் தோறும் இதையே எழுதுகின்றன. கடுங்குளிரில் டிரவுட் மீனின் உடல் மந்தமாகிக் கிடக்கும். நடுவில் இரண்டு மூன்று நாள் இதமான வெயில் வந்தால் விழித்துக்கொள்ளும். விழித்ததும் இரை தேடும். ஆகவே அந்த வெயிலுக்காகக் காத்திரு, வந்ததும் ஓடு. கேட்கிறபோது இதில் பிழை எங்கே என்று தோன்றாது. நானும் பல வருடம் இதை நம்பித்தான் அலுவலகத்தில் விடுப்பு எடுத்தேன்.

பனி மூடிய ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இந்த நம்பிக்கை பொருந்தாது. பொருந்தாத ஒன்றை நம்பி வெறும் கையோடு வீடு திரும்பினால் நஷ்டம் நமக்கு மட்டும்தான். அதற்காக நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்த நம்பிக்கை, வருடத்தில் எந்த வாரத்தில் ஆற்றுக்குள் கால் வைக்கக் கூடாதோ, சரியாக அந்த வாரத்தில் நூற்றுக்கணக்கான கால்களை ஆற்றுக்குள் இறக்கிவிடுகிறது. அதுதான் என் வருத்தம்.

எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, இல்லினாய் ஆகிய நான்கு மாநிலங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரந்து கிடக்கும் மேட்டு நிலம் ஒன்று உண்டு. டிரிஃப்ட்லெஸ் ஏரியா என்பார்கள். கடைசிப் பனியுகத்தில் சுற்றுவட்டாரம் முழுவதையும் பனியாறுகள் தேய்த்துத் தட்டையாக்கின. இந்த இடத்தை மட்டும் தொடவில்லை. அதனால் குன்றும் பள்ளத்தாக்குமாக, நம் கொல்லிமலை அடிவாரம் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். அடியில் சுண்ணாம்புப் பாறையும் மணற்பாறையும். பாறை இடுக்குகளிலிருந்து ஊற்றுகள் கசிந்து கூன் கிரீக், டிம்பர் கூலி, கிக்கப்பூ ஆற்றின் மேற்குக் கிளை என்று எண்ணற்ற ஓடைகள் ஆகின்றன. அந்த மேற்குக் கிளையின் கரையில் அவலாஞ்ச் என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. நீலகிரியில் 1907 இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கிய அவலாஞ்சிக்கும் அதே பெயர்தான். சிறுவயதில் அப்பாவோடு அந்த அவலாஞ்சியில் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்து நின்றவனுக்கு, உலகத்தின் மறுபக்கத்தில் அதே பெயருள்ள ஊரில், டிரவுட்டுக்காகவே பாலத்தடியில் நிற்பது சாதாரண விஷயமாக இல்லை. இந்த ஓடைகளின்மேல் எனக்குள்ள பற்று அங்கிருந்து தொடங்குகிறது.

விஸ்கான்சினில் முன்பு மார்ச் மாதம்தான் டிரவுட் பருவம் திறக்கும். 2016 முதல் ஜனவரி முதல் சனிக்கிழமையே திறந்துவிடுகிறார்கள். செயற்கை இரை மட்டும். பிடித்த மீன் அத்தனையையும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். இதனால் வெயிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு நடுக்குளிர்காலமும் கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மார்கழி விடியலில் கிணற்றடியில் குளித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது பாதி புரிந்திருக்கும். வெளியே பல் கிடுகிடுக்கும். வாளியை இறைத்துத் தலையில் ஊற்றினால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆவி பறக்கும். அதே கிணறு சித்திரையில் ஜில்லென்று இருக்கும். கிணற்று நீர் மாறவில்லை. சுற்றிலும் உள்ள காற்றுதான் மாறியது. நிலத்தடி நீர் அந்தந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். விஸ்கான்சினின் இந்தப் பகுதியில் அது ஏறக்குறைய 9 டிகிரி செல்சியஸ். வெளியே மைனஸ் 20 என்றாலும் ஊற்று வாயில் 9 டிகிரிதான். ஏரிகள் எல்லாம் மேலே லாரி ஓட்டும் அளவுக்கு உறைந்து கிடக்கும்போது இந்த ஓடைகள் உறையாமல் ஓடுவதற்கும், டிரவுட் உயிரோடு இருந்து இரை எடுப்பதற்கும் இந்தக் கிணற்றுச் சூடு ஒன்றே காரணம். குளிர்கால டிரவுட்டுக்குச் சூடு கீழேயிருந்து வருகிறது. மேலேயிருந்து வருவதாக நினைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பதில்தான் மொத்தப் பிழையும் தொடங்குகிறது.

ஊற்றிலிருந்து 9 டிகிரியில் கிளம்பும் நீர், வழியில் குளிர்காற்று பட்டு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டே போகும். இரண்டு வாரம் ஒரே மாதிரி குளிர் நிலைத்தால் மேல் ஓடைகளில் 5 டிகிரியைச் சுற்றி நின்றுவிடும். மீன் அதற்குப் பழகி, ஆழமான மெதுநீரில் இடம் பிடித்து, அளவோடு தின்றுகொண்டிருக்கும். இப்போது வெயில் வருகிறது. காற்று 8 டிகிரிக்கு ஏறுகிறது. ஓடைக்கு என்ன ஆகும்?

இரு பக்கமும் குன்றுச் சரிவுகளில் ஒரு மாதப் பனி கிடக்கிறது. பனி சும்மா உருகிவிடாது. ஒரு கிலோ பனியை நீராக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைச் சுழியத்தில் இருக்கும் ஒரு கிலோ நீருக்குக் கொடுத்தால் 80 டிகிரிக்குப் போய்விடும். கை வைக்க முடியாது. ஆக, அந்தச் சனிக்கிழமை வெயிலில் பெரும்பங்கு பனியைக் கரைப்பதிலேயே தீர்ந்துபோகிறது. கரைந்து வரும் நீரின் வெப்பமோ சுழியம்தான். நிலமும் உறைந்து இறுகிக் கிடப்பதால் அந்த நீரால் மண்ணுக்குள் இறங்க முடியாது. சரிவில் வழிந்து, வயல் வாய்க்கால்களில் சேர்ந்து, நேராக ஓடையில் விழுகிறது. 5 டிகிரியில் மூன்று குடம் ஊற்றுநீர் ஓடும் இடத்தில் சுழிய டிகிரியில் ஒரு குடம் உருகுநீர் சேர்ந்தால் கலவை நான்குக்கும் கீழே இறங்கிவிடும். நன்றாக உருகுகிற நாளில் சேர்வது ஒரு குடத்தோடு நிற்காது.

அன்று நண்பரோடு போகத்தான் செய்தேன். வாதாடிப் புரியவைப்பதைவிட வெப்பமானியைக் கையில் கொடுத்துவிடுவது மேல் என்று பட்டது. காலை ஒன்பது மணிக்குக் காற்று ஒரு டிகிரி, ஓடை ஐந்து. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு இரண்டு மீன் கிடைத்தன. பதினொரு மணிக்குச் சட்டைமேல் சட்டையாக ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தோம். மதியம் இரண்டு மணிக்குக் காற்று எட்டு டிகிரி, முகத்தில் சுள்ளென்று வெயில். ஓடை மூன்று டிகிரி, டீத்தண்ணி நிறம். அதற்குப் பிறகு ஒரு மீன்கூடத் தொடவில்லை. அவர் வெப்பமானியை உதறி உதறி மூன்று தடவை மறுபடி விட்டுப் பார்த்தார்.

ஐந்துக்கும் மூன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். மீனுக்கு அது பெரிது. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரையில் ஜே. எம். எலியட் என்ற ஆய்வாளர் பிரவுன் டிரவுட்டை வைத்துப் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் மீனியலில் அடிப்படைப் பாடம். பூச்சி, புழு தின்னும் பிரவுன் டிரவுட் மிக நன்றாக வளர்வது 13 டிகிரியில். நான்கு டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். ஐந்து அந்தக் கோட்டுக்கு மேலே, மூன்று கீழே. நம் உடம்புக்கு இதமாக இருந்த அந்தப் பிற்பகல், இரை தின்று பயனில்லாத பக்கத்துக்கு மீனைத் தள்ளிவிட்டது.

“கொலைப் பசி” என்பதும் நம்முடைய கற்பனைதான். மனிதன் பதினைந்து நாள் பட்டினி கிடந்தால் பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்து என்ன செய்வான் என்று நமக்குத் தெரியும். அதையே மீன்மேல் ஏற்றிப் பார்க்கிறோம். டிரவுட் குளிர்ந்த இரத்தப் பிராணி. நீர் குளிரும்போது அதன் உடலின் செலவும் கூடவே குறைகிறது. ஆறு மணி நேரத்தில் செரிப்பதை ஒரு நாளுக்கும் மேலாக வைத்துச் செரிக்கும். குறைந்த வரவு, குறைந்த செலவு, கடன் சேர்வதில்லை. தவிர, அது பட்டினியும் கிடக்கவில்லை. இந்தச் சுண்ணாம்பு ஓடைகளின் பாசியில் கூனிறால் போன்ற சிறு உயிர்கள் பன்னிரண்டு மாதமும் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு, பலருக்கு இது வியப்பாக இருக்கும். 1993 இல் ஸ்காட்லாந்தில் ஃப்ரேசர், மெட்கால்ஃப், தோர்ப் மூவரும் இளம் சால்மன் மீன்களை வைத்துச் செய்த சோதனையில், நீர் ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே போனதும் அவை பகலில் ஒளிந்துகொண்டு இரவில் இரை தேட மாறின. டிரவுட்டும் அதே குடும்பம்; குளிர்காலத்தில் அதுவும் பகலில் கல்லிடுக்கிலும் வேரடியிலும் ஒதுங்கும் போக்கைப் பல ஓடைகளில் பார்த்திருக்கிறார்கள். குளிர்ந்த நீரில் மீனால் வேகமாகத் தப்ப முடியாது. கொக்கும் நீர்க்கீரியும் அதைப் பகலில் பார்த்துவிடும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் மேகமில்லாத பளீர் வெயில் அதற்கு அழைப்பாக இருக்குமா, எச்சரிக்கையாக இருக்குமா?

இவ்வளவையும் கேட்டுவிட்டு எதிர்த்தரப்பார் கடைசியில் ஒரு வாதம் வைப்பார்கள். “நாங்கள் வெயில் நாட்களில் மீன் பிடித்திருக்கிறோமே!” பிடித்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேகமூட்டமான மைனஸ் 3 டிகிரி நாளில் அவர்கள் போனார்களா? வெயில் நாளில் ஓடைக்கு ஐம்பது பேர் வருகிறார்கள். விரல் விறைக்காமல் ஆறு மணி நேரம் நிற்கிறார்கள். கோலின் வளையங்களில் நீர் உறைவதில்லை, நூல் தடையில்லாமல் ஓடுகிறது, முடிச்சு ஒரே தடவையில் விழுகிறது. குளிர் நாளில் வருபவர்கள் இரண்டு பேர். நிமிடத்துக்கு ஒரு தடவை வளையத்திலிருந்து ஐஸைச் சுரண்டிவிட்டு, ஒரு மணி நேரத்தில் காருக்குத் திரும்புகிறார்கள். ஐம்பது பேரின் ஆறு மணி நேரத்தையும் இரண்டு பேரின் ஒரு மணி நேரத்தையும் பக்கத்தில் வைத்து, வெயிலில்தான் மீன் அதிகம் கடிக்கிறது என்றால் அது என்ன கணக்கு? அங்கே இதமாக இருந்தது மனிதனுக்கு. மீனுக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டோம்.

ஜனவரியில் இந்த வெயில் நாட்காட்டி பார்த்து வரும் என்ற நம்பிக்கைகூட அமெரிக்காவில் பழையது. “ஜனவரி உருகல்” என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2002 இல் வானிலை ஆய்வாளர்கள் மூவர் பல ஆண்டுப் பதிவுகளைச் சோதித்து, தற்செயலாக வரக்கூடிய ஏற்ற இறக்கத்துக்கு மேல் அதில் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். நினைவில் நிற்பதை வைத்து விதி செய்வது மனித இயல்பு. தூண்டில்காரர்களும் மனிதர்கள்தான்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிற இடங்களையும் சொல்கிறேன். சொல்லாவிட்டால் நான் வாதத்துக்காக வாதம் செய்கிறவன் ஆகிவிடுவேன். பனியே இல்லாத நிலத்தில் வெயில் அடித்தால் உருகிவர ஒன்றுமில்லை. அப்போது ஓடை நிஜமாகவே ஓரிரு டிகிரி ஏறும், மீனும் சுறுசுறுப்பாகும். 2023–24 குளிர்காலம் அப்படிப்பட்டது. விஸ்கான்சின் பதிவுகளிலேயே மிக வெப்பமான குளிர்காலம் அது. 2024 பிப்ரவரி 8 அன்று, மாநில வரலாற்றில் முதல் தடவையாகப் பிப்ரவரியில் சூறாவளிச் சுழல் இறங்கியது. பல வாரம் தரை வெறுமையாகக் கிடந்தது, ஓடைகள் தெளிவாக ஓடின, எல்லோருக்கும் மீன் கிடைத்தது. “பார்த்தீர்களா?” என்று இன்றும் கேட்கிறார்கள். பார்த்தேன். பனி இல்லாததும் இதம் வாரக்கணக்கில் நிலைத்ததும்தான் காரணம் என்றும் பார்த்தேன். உறைபனிக்கு நடுவே இரண்டு நாள் வந்து போகும் வெயிலுக்கு அந்த வருடத்தைச் சாட்சி அழைக்க முடியாது. அதேபோல, பிப்ரவரி கடைசியில் சரிவுப் பனி முழுக்க வடிந்துபோன பிறகு வரும் வெயில் வேறு. அதை நானும் விடமாட்டேன். மைனஸ் 15 டிகிரியில் மீன் பிடிக்கச் சொல்லவும் இல்லை. அந்தக் காற்றில் மீனை வெளியே தூக்கினால் செவுள் உறைந்து சேதப்படும். பிடித்த மீனை உயிரோடு விடுவதுதான் சட்டம் என்றால், உயிரோடு விட முடியாத நாளில் வீட்டில் இருப்பதுதான் முறை.

ஆக, நான் காற்றின் டிகிரி ஏறக் காத்திருப்பதை விட்டுவிட்டேன். இப்போது தேடுவது வேறு: மூன்று நாள் ஒரே மாதிரி இருந்த வானிலை, மேகம், சுழியத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் காற்று, இறுகிக் கிடக்கும் பனி. அப்படிப்பட்ட நாளில் ஓடைக்கரைப் பனிமேல் குனிந்து பாருங்கள். கடுகை இழுத்து நீட்டியது போல ஒரு கறுப்புப் பூச்சி பனிமேல் நடந்துகொண்டிருக்கும். டயமீசா என்ற மிட்ஜ் வகை. கொசுவுக்கு உறவு, ஆனால் கடிக்காது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் லென் ஃபெரிங்டன் இவற்றையே பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது நீரிலிருந்து வெளிவந்து, பனிமேல் நடந்து இணை தேடும் பூச்சி இது. இதன் உடல்நீர் மைனஸ் 20 டிகிரியை நெருங்கும்வரை உறையாமல் தாங்கும். ஊற்று நீரின் சூட்டில் வளர்ந்து, குளிர்காலத்துக்கென்றே அமைந்த உயிர். டிரவுட் மேலெழுந்து மூக்கு நுனி மட்டும் தெரிய இதை உறிஞ்சுவதைப் பார்த்தவர்கள் குளிரில் மீன் உறங்குகிறது என்று சொல்ல மாட்டார்கள். முகில் மூடிய மைனஸ் 3 டிகிரியில் இந்தக் காட்சி எனக்கு எத்தனையோ தடவை வாய்த்திருக்கிறது. உருகுநீர் கலங்கலாக ஓடிய பிற்பகல்களில் ஒரு தடவைகூட இல்லை.

இனி, நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

பிரவுன் டிரவுட்டும் இந்த மண்ணின் சொந்த மீனான புரூக் டிரவுட்டும் இலையுதிர்காலக் கடைசியில், அக்டோபர் நவம்பரில், முட்டையிடுகின்றன. பெண் மீன் வாலால் அடித்து அடித்துச் சரளைக் கல்லில் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடிவிடும். கல்லிடுக்கில் ஓடும் நீர்தான் முட்டைக்கு மூச்சு. பொரிய எத்தனை நாள் ஆகும் என்பதை டிகிரியையும் நாளையும் பெருக்கிக் கணக்கிடுவார்கள். பிரவுன் டிரவுட்டுக்கு ஏறக்குறைய 400 முதல் 450 வரை. 5 டிகிரி நீரில் 80, 90 நாள். நவம்பர் முதல் வாரத்தில் இட்ட முட்டை ஜனவரி கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் பொரியும். பொரிந்த குஞ்சு உடனே நீந்தி வராது. வயிற்றில் ஒட்டிய மஞ்சட்கருவைத் தின்றுகொண்டு இன்னும் பல வாரம் கல்லுக்குள்ளேயே இருக்கும்.

1992 இல் மொன்டானாவின் ராபர்ட்ஸ், ஒயிட் என்ற இரு ஆய்வாளர்கள், தூண்டில்காரர்கள் சரளைமேல் நடந்தால் முட்டைக்கு என்ன ஆகும் என்று சோதித்தார்கள். முட்டைப் பருவம் முழுக்க நாளுக்கு இரண்டு தடவை மிதித்த இடத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் செத்தன. அதைவிட என்னைத் தூங்கவிடாத எண் வேறு. பொரிவதற்குச் சற்று முன்பாக ஒரே ஒரு தடவை மிதித்தாலே 43 விழுக்காடு வரை செத்தன. ஒரே தடவை. பொரிவதற்குச் சற்று முன்பு என்றால் இந்த ஓடைகளில் எப்போது? ஜனவரி கடைசி வெயில். எல்லோரும் ஆற்றுக்கு ஓடுகிற அதே வாரம்.

அந்த ஆய்வைப் படிப்பதற்குப் பல வருடம் முன்பே அதை என் காலால் அறிந்திருந்தேன். ஒரு பிப்ரவரி வெயில் நாள். ரப்பர் காலுறையோடு முழங்கால் நீரில், மடு முடிந்து நீர் மெலியும் இடத்தில் ஓடையைக் குறுக்கே கடந்தேன். மற்ற இடமெல்லாம் பாசி படிந்து பழுப்பாக இருக்க, ஒரு சுளகு அகலத்துக்குக் கல் மட்டும் பளிச்சென்று கழுவினது போல இருந்தது. வழுக்காது என்று அங்கேயே காலை ஊன்றினேன். கல் நெகிழ்ந்து இறங்கியது. கீழ்நீரில் ஆரஞ்சு மணிகள் நாலைந்து உருண்டு போயின. ஒன்றைக் கையில் ஏந்தினேன். உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளிகள், கண்கள். எனக்கு அப்போது அது என்னவென்றே சரியாகத் தெரியவில்லை. தெரிந்த நாளில் அந்தக் கைப்பிடிச் சரளை நினைவுக்கு வந்தது, இன்றுவரை போகவில்லை. பளிச்சென்ற கல்லை மிதிக்காதே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது, போ என்று மட்டும் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

கலங்கல் நீரில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். தெளிந்த நீரில் கழுவின சரளை கண்ணுக்குத் தெரியும், விலகிப் போகலாம். டீத்தண்ணியில் எதுவும் தெரியாது. போதாததற்கு உருகுநீர் தன்னோடு வேறு பலவற்றையும் கொண்டுவருகிறது. விஸ்கான்சின் பால் பண்ணை மாநிலம். குளிர்காலத்தில் உறைந்த வயலிலும் சாணக் கழிவைக் கொட்டுவது உண்டு. வெயில் வந்தால் அது நேரே ஓடைக்கு வழிகிறது. சாணத்தில் உள்ள அம்மோனியா மீனுக்கு நஞ்சு. எந்த நாளில் கொட்டினால் ஓடைக்குப் போய்விடும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு ஒன்றை மாநில வேளாண் துறை விவசாயிகளுக்காக நடத்துகிறது. விவசாயிக்கு ஆபத்து நாள் என்று சொல்லப்படும் நாள், தூண்டில்காரருக்கு நல்ல நாளாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

இந்த நம்பிக்கையோடு எனக்குள்ள சண்டை மீன் கிடைப்பது, கிடைக்காதது பற்றியது மட்டும் இல்லை. குளிர்கால டிரவுட்டை வெயிலின் கொடை என்று நினைக்கிறவர், அந்த ஓடையை உயிரோடு வைத்திருப்பது எது என்பதை மறந்துவிடுகிறார். நூறு வருடத்துக்கு முன் இந்தப் பள்ளத்தாக்குகளின் நிலை மோசம். சரிவெல்லாம் மேய்ச்சலுக்கும் உழவுக்கும் போய், பெய்த மழை மண்ணில் இறங்காமல் வெள்ளமாக ஓடி, மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. ஊற்றுகள் இளைத்தன. 1933 இல் கூன் பள்ளத்தாக்கில், அமெரிக்காவிலேயே முதல் தடவையாக, ஒரு நீர்ப்பிடிப்பு முழுவதற்குமான மண் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஹியூ பென்னட் தலைமையிலான மண்ணரிப்புத் துறையும், வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு அரசு அமைத்த பணிப்படையும், நூற்றுக்கணக்கான விவசாயிகளும் சேர்ந்து சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக உழுதார்கள், செங்குத்துக் காடுகளில் மாடு நுழையாமல் வேலி போட்டார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் அதில் பங்கெடுத்து 1935 இல் அது பற்றிக் கட்டுரையும் எழுதினார். மழைநீர் மறுபடி மண்ணுக்குள் இறங்கியது. ஊற்றுகள் பெருத்தன. கூன் கிரீக்கும் டிம்பர் கூலியும் இன்று தானாகப் பெருகும் டிரவுட்டுக்குப் பெயர்போன ஓடைகள். மைனஸ் 10 டிகிரியில் அந்த ஓடை ஆவி பறக்க ஓடுவது, 90 வருடத்துக்கு முன் ஒரு விவசாயி ஏரைத் திருப்பிப் பிடித்ததால்.

குளிர்காலம் ஆண்டுக்காண்டு வெப்பமாகி வருவதை நல்ல சேதியாகச் சொல்லும் தூண்டில்காரர்களைப் பார்க்கிறேன். இதமான நாட்கள் கூடும், பருவம் நீளும் என்கிறார்கள். உறைந்த மண்மேல் ஜனவரியில் மழை கொட்டினால் அந்த நீர் எந்த ஊற்றுக்கும் போகாது. சரளையைப் புரட்டிக்கொண்டு மிசிசிப்பிக்குப் போகும். ஊற்று இளைத்தால் கோடையில் 9 டிகிரிக் குளிர்ச்சியும் இருக்காது, மார்கழிச் சூடும் இருக்காது. அன்று எத்தனை வெயில் அடித்தாலும் பிடிப்பதற்கு மீன் இருக்காது.

பிப்ரவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரை நானே கூப்பிட்டேன். மூன்று நாளாக மூடாப்பு, காற்று மைனஸ் 3 டிகிரியிலேயே அசையாமல் நின்றது. “இந்தக் குளிர்லயா அண்ணே?” என்றார். வந்தார். அவலாஞ்ச் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, புல்தரையிலிருந்து ஒரு ஊற்று வந்து ஆற்றில் சேரும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையிலிருந்தே எட்டும் என்றேன். அவர் முதலில் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி விட்டார். ஆறரை டிகிரி. நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார். அவர் கையுறைமேல் ஒரு கறுப்புப் பூச்சி நடந்துகொண்டிருந்தது. எதிர்க்கரை வேரடியில் நீர் லேசாகச் சுழித்து ஒரு வட்டம் விரிந்தது. சற்று நேரம் கழித்து, அதே இடத்தில் இன்னொன்று. அவர் மெல்லப் பனியில் மண்டியிட்டு, வாயால் ஊதி விரலைச் சூடாக்கிக்கொண்டு, பெட்டியில் இருந்ததிலேயே சின்ன முள்ளைத் தேட ஆரம்பித்தார்.